பின்கதவும் முறிந்த லீடும்

எங்கள் வெல்டிங் மெஷினை உடைத்தது நான்தான். என் வீட்டுக்காரர் இதை ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, இனி நான் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வேண்டுமென்றே உடைத்தேன் என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. அது மட்டும் சுத்தப் பொய்.

அந்த மெஷின் எனக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முந்தி, மதுரையில் யாரோ பட்டறையை மூடும்போது கைமாற்றி வாங்கியிருக்கிறார். நீலப் பெயிண்ட் அடித்த இரும்புப் பெட்டி, அடியில் நாலு இரும்புச் சக்கரம், முகப்பில் இரண்டு பெரிய போல்ட். ஒரு போல்ட்டிலிருந்து கனத்த கேபிள் ஹோல்டருக்குப் போகும். இன்னொன்றிலிருந்து எர்த்துக்குப் போகும். தினமும் வேலை முடிந்ததும் பழைய வேட்டித் துணியால் அதைத் துடைத்துவிட்டுத்தான் பட்டறையைப் பூட்டுவார். இதைப் பார்த்துப் பார்த்து நான் அதற்கு ‘மூத்தவள்’ என்று பேர் வைத்துவிட்டேன்.

“என்ன, ஒங்க மூத்தவ இன்னிக்கு ஒழுங்கா இருந்தாளா?” என்று கேட்பேன்.

“அவ வாயத் தொறந்தா வேலை நடக்கும். நீ வாயத் தொறந்தா வேலை நிக்கும்” என்பார்.

பட்டறைக்கு யார் வந்தாலும் அந்தப் பெட்டியின் தலையில் தட்டி, “உள்ள பூராவும் செம்பு வைண்டிங்” என்று பெருமை அடித்துக்கொள்வார். என் தலையில் ஒருநாளும் அப்படித் தட்டிப் பெருமை பேசியதில்லை. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் எனக்கு இருக்கிற மனக்குறைகளில் இதுவும் ஒன்று.

நான் ஏழாயிரம்பண்ணை போகிற பாதையில் இருக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பதினாறு வருஷம் ஆகிறது. முதல் எட்டு வருஷம் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றினேன். இப்போது பேக்கிங். அவர் நெருப்பை வைத்துப் பிழைக்கிறவர், நான் நெருப்பே தலைகாட்டக்கூடாத இடத்தில் பிழைக்கிறவள். அவர் பட்டறைச் சட்டையை நான் கம்பெனிக்குக் கட்டுகிற சேலையோடு ஒரே கொடியில் காயப்போட விடமாட்டேன். ஏதோ ஒரு பொறி அதில் ஒட்டிக்கொண்டு என்னோடு வேனில் ஏறி வந்துவிடுமோ என்று பயம். துவைத்த சட்டையில் பொறி எங்கிருந்து வரும் என்று அவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனாலும் விடமாட்டேன்.

போன ஆடி மாசம் எங்கள் பேக்கிங் ரூமின் பின்கதவு கெட்டுப்போனது. இரண்டே வாசல் உள்ள நீள ரூம் அது, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எல்லாக் கம்பெனியிலும் உள்ளது போல இரண்டு கதவும் வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே இருந்து யார் மோதினாலும் திறந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான். பின்கதவின் மேல் கீல் துருப்பிடித்து அறுந்து, இரும்புக் கதவு ஒருபக்கமாகச் சாய்ந்து, திறக்கிறபோது சிமெண்டுத் தரையில் கரகரவென்று உரசியது. எங்கள் இடத்தில் இரும்பு தரையில் உரசினால் அத்தனை பேருக்கும் நெஞ்சு நின்றுவிடும். போர்மேன் ஓடி வந்து, ‘யாரும் தொடாதீக’ என்று சொல்லி, கதவைச் சாத்தி, கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டார்.

இனிமேல் உரசாது, வாஸ்தவம்தான். ஆனால் திறக்கவும் திறக்காதே?

“ஏதாவது ஒண்ணுன்னா அந்தக் கம்பிய யாரு அவுக்கிறது?” என்று கேட்டேன்.

“முன்வாசல் இருக்குல்லத்தா?”

“முன்வாசல் ஒங்களுக்கு இருக்கு. பின்னால உக்காந்திருக்கவுகளுக்கு?”

கதவை மட்டும் கழற்றி வெளியே கொண்டுபோய்ச் சரிசெய்யவும் முடியாது. கீலின் பாதி சுவரில் பதித்த இரும்பு நிலையோடு இருந்தது. அங்கேயே வெல்டிங் வைத்தாக வேண்டும். பட்டாசுக் கம்பெனிக்குள் வெல்டிங் வைக்க வேண்டுமென்றால் வெடிமருந்து, சரக்கு, ஆள், எதுவும் இருக்கக்கூடாது. சீசன் நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைகூட வேலை உண்டு. இருக்கன்குடி கோயிலில் ஆடிக் கடைசி வெள்ளி அன்றைக்குத்தான் எங்கள் பக்கம் மொத்தமும் லீவு. “அன்னிக்கு வச்சுக்குவோம், ஒன் வீட்டுக்காரரையே வரச் சொல்லு” என்றார் போர்மேன். அன்றைக்கு விட்டால் தீபாவளி முடிகிறவரை வழியில்லை என்றும் சொன்னார். அதாவது இரண்டரை மாசம் அந்தக் கம்பி அப்படியே இருக்கும்.

அந்தக் கதவு சரியாக வேண்டும் என்பதைத் தவிர அந்த மாசம் நான் எந்தச் சாமியிடமும் எதையும் கேட்கவில்லை. படுத்தால் கண்ணுக்குள் கட்டுக்கம்பிதான் தெரியும். வீட்டில் கதவைத் தாழ்ப்பாள் போடக்கூட எரிச்சலாக இருந்தது.

கடைசி வெள்ளி காலை ஒன்பது மணிக்குக் குட்டியானை லோடு வண்டியில் மெஷினை ஏற்றிக்கொண்டு நானும் அவரும் போனோம். கேட்டில் இறக்கிவிட்டதும் வண்டிக்காரர் கோயிலுக்குப் பறந்துவிட்டார். கம்பெனிக்குள் வாட்ச்மேன் அண்ணாச்சி மட்டும்தான். ரூமை முந்தின நாளே காலிபண்ணி, தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, மணல் வாளி, தண்ணீர் டிரம் எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்குள் முடித்து வெளியேறிவிட வேண்டும் என்று உத்தரவு. போனையும் தீப்பெட்டியையும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார் அண்ணாச்சி.

கேட்டிலிருந்து ரூமுக்கு ஒரு நூறடி இருக்கும். பாதை முழுக்கக் கப்பிக்கல். என் வீட்டுக்காரர் மெஷினின் பிடியைப் பிடித்து உருட்ட ஆரம்பித்தார். இரும்புச் சக்கரம் கல்லில் ஏறி ‘க்ரீச்’ என்றதுதான் தாமதம், அண்ணாச்சியும் நானும் ஒரே குரலில் கத்திவிட்டோம்.

“உருட்டாதீக!”

அவர் திடுக்கிட்டு நின்றார். “ஏன்?”

“கல்லுல இரும்பு உரசுதுல்ல. பொறி கெளம்பும்” என்றார் அண்ணாச்சி.

“அண்ணாச்சி, மருந்து இருக்கா உள்ள?”

“ஒரு பொட்டு இல்ல.”

“நான் இப்ப உள்ள போயி என்ன செய்யப் போறேன்? கூடை கூடையாப் பொறிதான கொட்டப் போறேன்?”

“அது ஒங்க வேலை தம்பி. உருட்டுறது வேற. இந்தக் கேட்டுக்குள்ள நாங்க எதையும் தரையில இழுக்க மாட்டோம். தூக்கித்தான் வைப்போம்.”

அவர் என்னைப் பார்த்தார், நானாவது நியாயம் சொல்லுவேன் என்று. நான் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு தூக்கத் தயாராக நின்றேன். பதினாறு வருஷத்தில் ஒரு காலி அட்டைப்பெட்டியைக்கூட இழுத்துப் பழகாத கை இது. மருந்து இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் அந்தக் கைக்குத் தெரியாது.

இரண்டு சிமெண்டு மூட்டைக் கனம் இருக்கும் அந்த மெஷின். பின்பக்கம் பிடி இருந்தது, அவர் பிடித்துக்கொண்டார். முகப்புப் பக்கம் அடிவிளிம்பை அண்ணாச்சி பிடித்தார். எனக்குப் பிடிக்க எதுவும் இல்லை. முகப்பு போல்ட்டிலிருந்து தொங்கிய ஹோல்டர் கேபிளைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தேன். சணல் சுற்றிய கைக்கு அதுதான் இயல்பாக வந்தது. பாதித் தூரம் நன்றாகத்தான் போனோம். திடீரென்று அண்ணாச்சிக்குப் பிடி நழுவியது. ஒரு நொடி, அந்தப் பக்கத்துப் பாரம் முழுக்க என் கையில் சுற்றிய கேபிளில் தொங்கியது. பெட்டிக்குள் ‘கிளுக்’ என்று ஒரு சத்தம்.

எனக்கு மட்டும்தான் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

ரூம் வாசலில் இறக்கி, ஆபீஸிலிருந்து கரண்டு இழுத்து, சுவிட்சைப் போட்டார். மூத்தவள் வழக்கம்போல உறுமினாள். அவர் வெளியே நின்றபடியே வெல்டிங் ராடை எடுத்து வாசலின் இரும்பு நிலையில் தட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினார். ராடு சும்மா இரும்பில் இடித்த சத்தம்தான் வந்தது. எர்த் கிளாம்பைக் கழற்றி மாட்டினார். ஹோல்டரைப் பிரித்துப் பார்த்தார். கால் மணி நேரம் அவர் எங்கெங்கோ தேடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் தாங்கவில்லை.

“தூக்கும்போது உள்ள என்னமோ முறிஞ்ச மாதிரி சத்தம் கேட்டுச்சு. நான் கேபிளப் பிடிச்சுத் தூக்குனேன்” என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் பக்கத் தகட்டில் இருந்த திருகுகளைக் கழற்றினார். வெளியே போல்ட் அசையாமல் இருப்பது போலத்தான் தெரிந்தது. உள்ளே, வைண்டிங்கிலிருந்து அந்த போல்ட்டுக்கு வருகிற பட்டையான லீடு, போல்ட்டுக்கு நாலு விரல் முன்னால் முறிந்து தனியாகத் தொங்கியது. முறிந்த இடம் வெள்ளையாக மின்னியது.

அதைப் பார்த்துவிட்டு நான் அழுதுவிட்டேன். கதவின் கட்டுக்கம்பி அப்படியே இருந்தது. மணி பத்தரை ஆகியிருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு நாங்கள் முப்பது பேர் அந்த ரூமுக்குள் வந்து உட்காரப் போகிறோம், அந்தக் கதவை இரண்டரை மாசத்துக்கு மூடிவைத்தது நான்.

“அழுது முடிச்சிட்டேன்னா வா, வைண்டிங் கடை அண்ணனுக்குப் போன் போடுவோம்” என்றார்.

கேட்டுக்குப் போய், போனை வாங்கி, கேட்டுக்கு வெளியே நின்று ஸ்பீக்கரில் போட்டார். சாத்தூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறவர் அந்த அண்ணன். எடுத்ததும் கொட்டுச் சத்தமும் குலவைச் சத்தமும்தான் முதலில் கேட்டது.

“இருக்கங்குடில இருக்கேன்யா. தலையில பாதிதான் மொட்டை ஆயிருக்கு. சட்டுனு சொல்லு.”

“மெஷின் உறுமுதுண்ணே, ராடு பிடிக்கல. உள்ள பட்டை முறிஞ்சிருக்கு. பத்தவச்சிறலாமா?”

“முறிஞ்ச எடம் என்ன நெறம்?”

“வெள்ளையா இருக்கு.”

“அப்ப அலுமினியம்யா. ஈயம் ஒட்டாது.”

“இல்லண்ணே, இது முழுச் செம்பு.”

“செம்பு என்னிக்குய்யா வெள்ளையா இருந்துச்சு?”

என் வீட்டுக்காரர் வாய் திறந்தபடியே நின்றார். மேலே பூசியிருந்த வார்னிஷ் நிறத்தைப் பார்த்து இத்தனை வருஷமும் செம்பு செம்பு என்று பீற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை பேரிடம் தலையில் தட்டிக் காட்டினார் என்று நினைத்ததும், கண்ணீர் காயாத முகத்தோடு எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணாச்சி நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சிரிக்காத” என்றார் அவர். அவருக்கும் உதடு துடித்தது.

அந்த அண்ணன் மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தார். “கேளு. செம்பையும் அலுமினியத்தையும் நேருக்கு நேர் வச்சு முறுக்கிறாத. கொஞ்ச நாள்ல பூத்துப்போயி சூடேறி மறுபடியும் போயிரும். ஈயம் பூசுன லக்கு இருக்குல்ல? அத நடுவுல குடுத்து நட்டு போல்ட்ல இறுக்கு. ஸ்பிரிங் வாஷர் போட மறக்காத. பட்டைய ரொம்ப மடக்காத, இன்னொரு எடத்துல முறியும். அப்புறம் இம்மி எடம் விடாம காட்டன் டேப்ப இறுக்கிச் சுத்தி வார்னிஷ் அடி. சுத்து மட்டும் நெகிழ்ந்து பொட்டியில பட்டுச்சு, பிடிச்சவன் காலி. வைக்கவா? கத்தி தலையில நிக்கி.”

ரூமுக்கு வெளியே, நிழலில் டூல்ஸ் பெட்டியை விரித்து என் வீட்டுக்காரர் வேலையைத் தொடங்கினார். லக்கு, காட்டன் டேப், வார்னிஷ் எல்லாம் எப்போதும் அதில் வைத்திருப்பார். முறிந்த பட்டையின் முனையை அரத்தால் சமப்படுத்தி, உப்புத்தாள் போட்டு, உண்மையான வெள்ளை தெரிகிறவரை தேய்த்தார். ஒவ்வொரு தேய்ப்புக்கும் அவருடைய செம்புப் பெருமை பொடிப்பொடியாக உதிர்ந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆசை இருந்தது. பட்டை இப்போது போல்ட்டுக்கு எட்டவில்லை. ஹோல்டர் கேபிளின் முனையிலேயே ஒரு சாண் வெட்டி, அதன் இரண்டு பக்கமும் லக்கை, அதாவது போல்ட் நுழைய ஓட்டை வைத்த முனைக் குப்பியை, மாட்டி, சுத்தியலால் தட்டி நசுக்கினார். அவர் ஒவ்வொரு தடவை சுத்தியலை ஓங்கும்போதும் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். நானும்தான். மருந்தில்லாத நாள், திறந்தவெளி, எல்லாம் தெரியும். ஆனாலும் அந்தக் கேட்டுக்குள் சுத்தியல் சத்தம் கேட்டால் எங்கள் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும்.

பட்டையில் துளை போட்டு, லக்கை வைத்து, வாஷர் போட்டு இறுக்கினார். மறுமுனையை முகப்பு போல்ட்டில் மாட்டினார். இனி டேப் சுற்ற வேண்டும். பெட்டிக்குள் கையை நுழைத்துச் சுற்ற ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டிருக்கச் சகிக்கவில்லை. ஒரு சுற்று இறுக்கம், ஒரு சுற்று தளர்வு, நடுவில் விரல் நுழைகிற மாதிரி இடைவெளி. இரும்புக் கேட் செய்கிற கைக்கு நூல் வேலை வருமா?

“நகருங்க” என்றேன்.

“இது வெடியில்ல புள்ள.”

“வெடியா இருந்தா நீங்க சுத்துன சுத்துக்கு வெடிக்காது. புஸ்ஸுன்னு போயிரும். நகருங்க.”

அணுகுண்டுக்குச் சணல் சுற்றும்போது ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே ஊசி இடம்கூட விடக்கூடாது. விட்டால் மருந்துக்கு அந்த வழியாகப் போய்விடப் புத்தி வந்துவிடும். எட்டு வருஷம் ஒரு நாளைக்கு எத்தனை நூறு சுற்றினேனோ, கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவேன். டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி, பாதிக்குப் பாதி ஏறும்படி, இழுத்து இழுத்துச் சுற்றினேன். பட்டை, லக்கு, போல்ட் தலை எல்லாம் உள்ளே போய் மறைந்தன. மேலே ஒரு வரிசை, அதன் மேல் எதிர்ப்பக்கமாக இன்னொரு வரிசை. முடிச்சுப் போடாமல் நுனியைக் கடைசிச் சுற்றுக்குள் செருகி இழுத்தேன். அவர் ஸ்குரு டிரைவர் முனையால் அதை நெம்பிப் பார்த்தார். அசையவில்லை.

“யாத்தே” என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் பதினெட்டு வருஷக் குறையில் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

வார்னிஷ் தடவி, பெட்டியை வெயிலுக்குத் திருப்பி வைத்தோம். ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்ததால் சீக்கிரம் காயும் என்றார். மூன்று பேரும் எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டோம். சாப்பிடும்போது அவர் அடிக்கடி எழுந்து போய் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றரை மணி, இரண்டு மணி, இரண்டேகால். கடைசியில் ஒரு டெஸ்ட் பல்பை வைத்து, லீடுக்கும் பெட்டிக்கும் நடுவே தொட்டுப் பார்த்தார். பல்பு எரியவில்லை. “எரியலைன்னா நல்லதா?” என்று கேட்டேன். “எரிஞ்சா நான் எரிவேன்” என்றார். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இரும்புத் தட்டு அடித்த ஷூவை மாட்டிக்கொண்டு ரூம் வாசலில் ஏறப் போனபோது அண்ணாச்சி குறுக்கே கையை நீட்டினார். எங்கள் கம்பெனிக்குள் செருப்புக் காலோடு யாரும் போகக்கூடாது. முதலாளி வந்தாலும் வெறுங்கால்தான். நானும் யோசிக்காமல், “கழட்டுங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் தரையைக் காட்டினார். கழுவிவிட்ட ஈரம் அங்கங்கே இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

“ஈரத்துல வெறுங்காலோட நின்னு ராடு பிடிக்கச் சொல்றியா?”

பதினாறு வருஷமாக என்னைக் காப்பாற்றுகிற வெறுங்கால் அவரைக் கொன்றிருக்கும். அதுவும் நான் முறித்து, நான் சுற்றிய லீடோடு. கழட்டுங்க என்று சொன்ன என் வாயை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு தன் ரூமுக்குப் போய் அவருடைய மழைக்கால ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்தார். அடியில் ஆணி எதுவும் இல்லையே என்று விரலால் தடவிப் பார்த்து, குழாயில் கழுவி, தன் தோள் துண்டால் துடைத்து, “இதப் போட்டுக்கிடுங்க” என்று குனிந்து காலடியில் வைத்தார். அளவு பெரிசு. என் வீட்டுக்காரர் அதற்குள் காலை விட்டுக்கொண்டு வாத்து போல நடந்து போனார். பின்கதவை ஒட்டி உலர்ந்த பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார்.

சுவிட்சைப் போட்டதும் உறுமல். கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, ராடை ஒரு தட்டுத் தட்டினார். சடசடவென்று நீல வெளிச்சம் பூத்தது. பொறிகள் எங்கள் ரூமின் தரையில் விழுந்து துள்ளின. அடுத்த கணம் பார்த்தால் நானும் அண்ணாச்சியும் இருபதடி தள்ளி நிற்கிறோம். எப்போது ஓடினோம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பட்டறையில் ஆயிரம் தடவை பார்த்த வெளிச்சம்தான். அந்த ரூமுக்குள் அதைப் பார்க்க என் கண் இடம் கொடுக்கவில்லை.

மூன்றரை மணிக்கு முடித்துவிட்டார். நான் மண் வாளியைத் தூக்கிக்கொண்டு பொறி விழுந்த இடமெல்லாம் தேடிப் பார்த்தேன். அவர் கட்டிங் பிளையரால் கட்டுக்கம்பியை நறுக்கி எறிந்தார். கதவை ஒரு விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் வெளியே திறந்து, சுவரோடு போய் நின்றது. இருபது நாளுக்குப் பிறகு அந்த வழியாக வெயில் உள்ளே வந்தது. எனக்கு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அண்ணாச்சி இருந்ததால் செய்யவில்லை.

அண்ணாச்சி கரண்டைக் கழற்றப் போனார். ரூமுக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் உட்கார்ந்து வேலை பார்க்கிற இடத்தை அவர் பார்த்ததே இல்லை. வெளியாளை யார் உள்ளே விடுவார்கள்?

“நீ எங்கன உக்காருவ?”

ரூமின் நட்டநடுவில் போய் நின்று காட்டினேன். முன்வாசலும் தூரம், பின்வாசலும் தூரம்.

“கதவுகிட்ட யாரு?”

கதவை ஒட்டி உட்காருகிறவள் என் வயசுக்காரி. சின்ன வயசில் காய்ச்சல் வந்து ஒரு கால் சூம்பிப்போனவள், இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். கம்பி கட்டியிருந்த இருபது நாளும் இடம் மாற மாட்டேன் என்று அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். “ஏதாவதுன்னா கம்பியப் பல்லால கடிச்சுட்டுப் போவேன்” என்று எங்களைச் சிரிக்க வைப்பாள். இவளுக்கு அடுத்து மூட்டு வலிக்காரம்மா, அதற்கடுத்து மாசமாக இருக்கிற ஒரு பிள்ளை. இதை எந்தப் போர்மேனும் சொல்லித் தரவில்லை. எந்த ரூமிலும் நாங்கள் இப்படித்தான் உட்காருவோம். ஓட முடியாதவர்கள் வாசல் பக்கம். ஓட முடிந்தவர்கள் உள்ளே.

“நான் நல்லா ஓடுவேன்ல, அதான்” என்றேன். பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டரில் முதலாவதாக வந்து எவர்சில்வர் தட்டு வாங்கினவள் நான் என்பதைச் சமயம் கிடைக்கும்போதெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. “உக்காரு” என்றார். “எந்திரிச்சு வா, பாப்போம்.”

“போங்க, வேற வேலையில்ல.”

“உக்காரு புள்ள.”

உட்கார்ந்தேன். அவர் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். எழுந்து ஓடினேன். சேலை தடுக்கியது. மறுபடியும் ஓடச் சொன்னார். மூன்றாவது தடவை வேகமாகத்தான் போனேன். வெளியே வந்து நின்றதும் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெரிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு, நான் எடுத்துவைக்கிற ஒவ்வொரு எட்டையும் உதட்டுக்குள் எண்ணியிருக்கிறார்.

“பதினோரு எட்டு” என்றார். “நாளைலருந்து கதவுகிட்ட உக்காரு.”

“சரி” என்றேன்.

மறுநாள் காலை என் சிநேகிதி ரூமுக்குள் வந்ததும் பையைக்கூட வைக்காமல் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். “ஒன் வீட்டுக்காரர் கைக்குத் தங்கக் காப்பு போடணும்” என்று சொல்லிவிட்டு, காலை நீட்டிக் கதவை ஒட்டி உட்கார்ந்தாள். நான் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அவர் கேட்டார், “மாறி உக்காந்துட்டியா?” என்று. உட்கார்ந்துவிட்டேன் என்றேன். சீசன் முழுக்கக் கேட்டார். இப்போதும் திடீர் திடீரென்று, சோறு போடும்போது, வேனில் ஏறும்போது, கேட்பார். கதவுகிட்டதான் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரிடம் நான் சொல்கிற பொய் அது ஒன்றுதான்.

வேலை முடிந்து மற்றவர்கள் எல்லாம் கை கழுவப் போன பிறகு, தினமும் நான் ஒருத்தி மட்டும் பின்தங்கி, என் இடத்தில் உட்கார்ந்து எழுந்து, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கதவுவரை காலை எட்டி எட்டி வைத்துப் பார்க்கிறேன். இப்போது ஒன்பதரை எட்டில் வந்துவிடுகிறேன்.